நாலு டிஸ்க் இருக்கலாம், நகல் ஒன்றுதான்

ஓய்வு பெற்றவர்கள் வீடுகளில் இப்போது ஒரு புதுப் பெட்டி வந்து உட்கார்ந்திருக்கிறது. டிவி ஸ்டாண்டுக்குக் கீழேயோ ரவுட்டருக்குப் பக்கத்திலேயோ, பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டு இருக்கும். பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும் மகனோ மகளோ வாங்கிக் கொடுத்தது. "அப்பா, எல்லா போட்டோவையும் இதுல போட்டுடுங்க. நாலு டிஸ்க் இருக்கு. ஒண்ணு போனாலும் ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறியிருப்பார்கள். இதற்குப் பெயர் நாஸ். வீட்டிலுள்ள கம்ப்யூட்டர்களும் செல்போன்களும் நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தும் பொதுச் சேமிப்புப் பெட்டி.

பெட்டியைக் குறை சொல்ல நான் வரவில்லை. நல்ல பொருள்தான். ஆனால் "ஒண்ணு போனாலும் ஒண்ணும் ஆகாது" என்பது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்வதற்கு யாரும் இல்லாததால்தான் பல குடும்பங்களின் இருபது முப்பது வருஷத்துப் படங்கள் ஒரே நாளில் காணாமல் போகின்றன. என் கருத்து இதுதான்: இந்தப் பெட்டி பேக்கப் ஆகாது. பெட்டி நன்றாக ஓடும்போதும் முதல் வேலை நகல் எடுப்பது. படுத்துவிட்ட பிறகும் முதல் வேலை நகல் எடுப்பதுதான். ரிப்பேர் எல்லாம் அதற்குப் பிறகு.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். இந்த டிஸ்க் கூட்டணிக்கு ரெய்டு என்று பெயர். வருமான வரிக்காரர்கள் நினைவுக்கு வந்தால் பயப்பட வேண்டாம், இது வேறு. 1988-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய பெயர். ஒரு பெரிய, விலையுயர்ந்த டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான சின்ன டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்து வேலை வாங்கலாம் என்றார்கள். ஆனால் டிஸ்க்குகளின் எண்ணிக்கை கூடினால் அதில் ஏதாவது ஒன்று கெட்டுப்போகும் வாய்ப்பும் கூடும். அதற்காக, ஒன்று கெட்டாலும் வேலை நிற்காதபடி கணக்கு போட்டு வைக்கும் முறைகளை வரிசைப்படுத்தினார்கள்.

கணக்கு என்றால் எங்களைப் போன்ற வங்கிக்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். மூன்று டிஸ்க்கில் 7, 5, 9 என்று எழுதி, நான்காவதில் கூட்டுத்தொகை 21 என்று எழுதிவைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். 5 இருந்த டிஸ்க் போய்விட்டது. 21-லிருந்து 7-ஐயும் 9-ஐயும் கழித்தால் 5 கிடைத்துவிடும். நிஜத்தில் கூட்டலுக்குப் பதில் 0, 1 வைத்துச் செய்யும் வேறொரு கணக்கு. கூட்டுத்தொகையும் ஒரே டிஸ்க்கில் இராமல் நான்கிலும் மாறி மாறி எழுதப்படும். ஆனால் தத்துவம் இதுதான். இதை ரெய்டு 5 என்பார்கள். இரண்டு டிஸ்க்கில் ஒரே விஷயத்தை எழுதினால் ரெய்டு 1. இரண்டு விதமான கூட்டுத்தொகை வைத்துக்கொண்டு இரண்டு டிஸ்க் போனாலும் தாங்குவது ரெய்டு 6.

ரெய்டு 5-ல் இரண்டு டிஸ்க் போனால் என்ன ஆகும்? 21 இருக்கிறது, 7 இருக்கிறது. மீதி 14. அது 5-ம் 9-மா, 6-ம் 8-மா? கடவுளுக்குத்தான் தெரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தப்பான என்ட்ரி போட்டுவிட்டு அதைச் சரியாகக் கூட்டினாலும் டோட்டல் டேலி ஆகும். பேரன் தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்தால், அந்த அழிப்பையும் நான்கு டிஸ்க்கும் சேர்ந்து ஒழுங்காக எழுதிக்கொள்ளும். 2021 ஏப்ரலில் க்யூலாக்கர், 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்று இந்த மாதிரிப் பெட்டிகளையே குறிவைத்து வந்த தீய நிரல்கள், உலகம் முழுக்கப் பலருடைய கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டன. பூட்டப்பட்ட கோப்புகளையும் ரெய்டு பத்திரமாகத்தான் பாதுகாத்தது! 2015 டிசம்பரில் அடையாறு கோட்டூர்புரத்திலும் ஜாபர்கான்பேட்டையிலும் தரைத்தள வீடுகளுக்குள் புகுந்தபோது, பெட்டிக்குள் எத்தனை டிஸ்க் இருக்கிறது என்று தண்ணீர் எண்ணிப் பார்க்கவில்லை.

ஆக, ரெய்டு காப்பது ஒரே ஒரு ஆபத்திலிருந்து: டிஸ்க் கெட்டுப்போவது. அதுவும் ஒரு எண்ணிக்கை வரைதான். அது தருவது அவகாசம். அந்த அவகாசத்தை நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

போன வருஷம் எங்கள் குடும்பத்திலேயே இது நடந்தது. என் ஒன்றுவிட்ட தம்பி ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன். கோயில் சிற்பங்களைப் படம் எடுப்பது அவனுக்கு முப்பது வருஷப் பழக்கம். வீட்டு ஆல்பங்களையும் ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்து பெட்டியில் ஏற்றிவிட்டான். ஆல்பங்களில் பூஞ்சை பிடித்துவிட்டதால் தூக்கிப் போட்டாயிற்று. எல்லாவற்றையும் விட, எங்கள் சித்தி காலமாவதற்கு முன் அவளை உட்கார வைத்துச் சமையல் குறிப்புகளை அவள் வாயாலேயே சொல்லவைத்து ஒலிப்பதிவு செய்திருந்தான். மொத்தம் 9 பதிவுகள். எல்லாம் 4 டெராபைட் டிஸ்க் நான்கு போட்ட ரெய்டு 5 பெட்டியில். வேறெங்கும் இல்லை.

மார்ச் மாதம் பெட்டி 'பீப் பீப்' என்று கத்தியிருக்கிறது. மூன்றாவது டிஸ்க் விலகிவிட்டது என்று அர்த்தம். இரவில் தூக்கம் கெடுகிறது என்று செல்போன் செயலியில் சத்தத்தை நிறுத்திவிட்டான். படங்கள் எல்லாம் வழக்கம்போலத் திறந்தன, அதனால் கவலைப்படவில்லை. அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சத்தத்துக்கு என்ன பொருள் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆகஸ்டில் முதலாவது டிஸ்க்கிலும் சில இடங்கள் படிக்க முடியாமல் போய், பெட்டி அதையும் கூட்டணியிலிருந்து வெளியேற்றிவிட்டது. அன்றோடு எல்லாம் மறைந்தது.

பக்கத்துக் கடை ஒன்றிலிருந்து ஒரு பையன் வந்து பார்த்தான். "வால்யூமைப் புதுசா கிரியேட் பண்ணிட்டு, அப்புறமா ரெகவரி சாஃப்ட்வேர் போட்டுப் பார்க்கலாம் சார்" என்றானாம். நல்லவேளையாக, அதற்குள் என் தம்பி எனக்கு போன் செய்தான். நான் என் அக்கா மகனுக்குப் போட்டேன். அவன் பெங்களூரில் சர்வர்களை மேய்க்கிறவன்.

"மாமா, அவரை எதையும் தொட வேண்டாம்னு சொல்லுங்க. பெட்டியை ஆஃப் பண்ணச் சொல்லுங்க. ஒரு பட்டனையும் அமுக்கக் கூடாது" என்றான்.

பிறகு எனக்குப் புரியும்படி விளக்கினான். புதிதாக வால்யூம் உருவாக்கினால், பெட்டி தன் கூட்டுத்தொகைகளை மறுபடி முதலிலிருந்து எழுத ஆரம்பிக்கும். பழைய எழுத்தின் மேல் புது எழுத்து. வரிசை ஒன்று மாறினாலும் போதும், நன்றாக இருக்கும் டிஸ்க்கையும் அதுவே கெடுத்துவிடும். 'ரீபில்ட்' என்ற பட்டன் அவ்வளவு கொடியது இல்லை, ஆனாலும் ஆபத்தானது. புது டிஸ்க்கை நிரப்புவதற்காக மற்ற எல்லா டிஸ்க்குகளையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தாக வேண்டும். 4 டெராபைட் என்றால் குறைந்தது ஏழெட்டு மணி நேரம் இடைவிடாத ஓட்டம். ஒரே நாளில் வாங்கி ஒரே வயதான டிஸ்க்குகள். வருஷக்கணக்காக யாரும் எட்டிப் பார்க்காத மூலையில் ஒரு பழுது இருந்தால் அன்றுதான் வெளியே வரும். சாதாரண டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் தரும் விவரக்குறிப்பில், சுமார் 12.5 டெராபைட் படிப்பதற்குள் ஒரு இடம் படிக்க முடியாமல் போகலாம் என்று அளவு குறித்திருப்பார்கள். நடைமுறையில் பெரும்பாலானவை அதைவிட நன்றாகவே உழைக்கின்றன. ஆனாலும் மூன்று டிஸ்க்கை முழுக்கப் படித்தால் 12 டெராபைட் ஆகிவிடுகிறது என்பதை மறக்கக் கூடாது.

சனிக்கிழமை வந்து சேர்ந்தான். முதலில் மார்க்கர் பேனாவால் டிஸ்க்குகளின் மேல் 1, 2, 3, 4 என்று அவை இருந்த வரிசையில் எழுதினான். பிறகு பெட்டியிலிருந்து எடுத்துத் தன் கம்ப்யூட்டரில் மாட்டினான். அந்தப் பெட்டி இல்லாமல் வேறு கம்ப்யூட்டரில் படிக்க முடியுமா என்று கேட்டேன். சைனாலஜி, க்யூநேப் போன்ற வீட்டுப் பெட்டிகள் பெரும்பாலும் உள்ளே லினக்ஸைத்தான் வைத்திருக்கின்றன. ரெய்டும் லினக்ஸின் பொதுவான ரெய்டுதான் என்றான். ஆகவே பெட்டி எரிந்தே போனாலும் டிஸ்க்குகள் பிழைத்திருந்தால் வழி உண்டு. என்கிரிப்ஷன் போட்டிருந்தால் மட்டும் அதன் சாவியை வெளியே எங்காவது எழுதி வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் பூட்டிய பீரோவைக் கடலில் போட்ட கதைதான்.

ஒவ்வொரு டிஸ்க்கின் ஓரத்திலும் ஒரு குறிப்பு இருக்கும். எந்தக் கூட்டணி, அதில் எத்தனையாவது ஆள், கடைசியாக எந்த எண் வரை பதிவு ஆகியிருக்கிறது என்ற விவரம். எம்டிஏடிஎம் என்ற லினக்ஸ் கருவி அதைப் படித்துச் சொன்னது. 2-ம் 4-ம் ஒரே எண்ணில் நின்றன. 1 கொஞ்சம்தான் பின்தங்கியிருந்தது. 3 வெகு தூரம் பின்னால். எங்கள் பாஷையில் சொன்னால், மார்ச்சுக்குப் பிறகு என்ட்ரி போடாத பாஸ்புக். 3-ம் எண் டிஸ்க் நன்றாக ஓடியது, சத்தம் இல்லை, பழுது தெரியவில்லை. ஆனால் அதை நம்பி உள்ளே சேர்த்திருந்தால் மார்ச் கணக்கும் ஆகஸ்ட் கணக்கும் கலந்து குழம்பியிருக்கும். கரகரவென்று இருந்த 1-தான் நம்பத்தக்க சாட்சி. இதைக் கண்டுபிடிக்காமல் அவசரப்பட்டவர்கள் எத்தனை பேரோ!

அதற்கப்புறமும் அவன் அசல் டிஸ்க்குகளில் எதையும் முயன்று பார்க்கவில்லை. மூன்று புது 4 டெராபைட் டிஸ்க் வாங்கி வரச் சொன்னான். 1, 2, 4 மூன்றையும் எழுத்துக்கு எழுத்து அவற்றில் நகல் எடுத்தான். 2-க்கும் 4-க்கும் ஒரு ராத்திரிக்கு ஒன்று. பழுதான 1-க்கு டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல். அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களை ஒரு கணக்கில் குறித்துவைத்து, பிறகு திரும்பி வந்து பொறுமையாகப் படித்துப் பார்க்கும். மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஓட விட்டுவிட்டு அவன் பெங்களூர் போய்விட்டான். மூன்று நாள் ஓடியது. 4 டெராபைட்டில் ஒரு மெகாபைட்டுக்கும் குறைவான இடம் மட்டும் கடைசி வரை பிடி கொடுக்கவில்லை.

நகல்களை மட்டும் வைத்து, எதையும் எழுத முடியாத, படிக்க மட்டுமே முடிகிற நிலையில் கூட்டணியைச் சேர்த்தான். ஃபோல்டர்கள் வந்தன. புதிதாக வாங்கிய 8 டெராபைட் வெளி டிஸ்க்கில் எல்லாவற்றையும் இறக்கினோம். நாற்பதுக்குச் சொச்சம் படங்கள் பாதிக்குக் கீழே சாம்பல் நிறம். சித்தியின் குரல் எட்டு முழுசாக வந்தது. ஒன்பதாவதில் வத்தக்குழம்புக்கு நடுவில் இரண்டு வினாடி மௌனம். புளி எவ்வளவு என்று சொல்லும் இடம் அது. இனி அது யாருக்கும் தெரியாது.

இந்த அளவுக்கு மீண்டது அந்தப் பையனின் திறமையால் என்று எல்லோரும் பாராட்டினார்கள். திறமை உண்டுதான். ஆனால் எனக்குப் பட்டது வேறு. முதல் நாள் பெட்டியை அணைத்துவிட்டுக் கை வைக்காமல் இருந்ததே பாதி வெற்றி. நகலில் வேலை செய்ததால், தப்பானாலும் மறுபடி ஆரம்பிக்கலாம் என்ற தைரியம் இருந்தது. அது மீதிப் பாதி. கடைக்காரப் பையனுக்கும் இதெல்லாம் தெரிந்திருக்கலாம். ஆனால் நகல் எடுக்கப் புது டிஸ்க் வாங்கச் சொன்னால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். பணம் செலவில்லாமல் பட்டனை அமுக்கினால் எல்லோருக்கும் சந்தோஷம், வராமல் போனால் தலைவிதி. தரவு மீட்பு என்ற தொழிலில் மாற வேண்டியது இந்தப் பழக்கம்தான். யாரிடம் கொடுத்தாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "முதல்ல டிஸ்க்கை அப்படியே காப்பி எடுப்பீங்களா?" தயங்கினால் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் வீட்டில் எதுவும் முயற்சி செய்யாதீர்கள். அதைத் தூசியில்லாத சுத்த அறை வைத்திருப்பவர்கள்தான் திறக்க வேண்டும். உள்ளே சுழலும் தட்டுக்கும் படிக்கும் முனைக்கும் நடுவே சில நானோமீட்டர் இடைவெளிதான். ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் சரியாகும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

இதில் சிரிப்பதா அழுவதா என்று தெரியாத விஷயம் ஒன்று உண்டு. வெளி டிஸ்க் ஒன்று வாங்கி வைத்துக்கொள் என்று அவன் மனைவி இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "நாலு இருக்கே, அஞ்சாவது எதுக்கு?" என்பது அவன் பதில். கடைசியில் மீட்பதற்காக ஒன்றில்லை, நான்கு டிஸ்க் வாங்கினான். அந்த 8 டெராபைட் டிஸ்க் ஒன்று மட்டும் முன்பே வீட்டில் இருந்து, மாதம் ஒருமுறை நகல் எடுத்திருந்தால் புளியின் அளவு இன்று நமக்குத் தெரியும்.

எங்கள் வங்கியில் லெட்ஜர் போய் முதன்முதலாகக் கணக்குப் பதிவு இயந்திரங்கள் வந்த காலம் நினைவுக்கு வருகிறது. தினமும் சாயங்காலம் ஃபிளாப்பியில் இரண்டு நகல் எடுப்போம். ஒன்று ஸ்ட்ராங் ரூமில், மற்றொன்று வேறொரு கிளையில். மழை வந்தாலும் பந்த் வந்தாலும் ஒரு ஆள் அந்த உறையை எடுத்துக்கொண்டு போவார். அவ்வப்போது பழைய ஃபிளாப்பியைப் போட்டு, கணக்கு திரும்ப வருகிறதா என்றும் பார்க்கச் சொல்வார் எங்கள் மேலாளர். அப்போது எங்களுக்கு எரிச்சலாக இருக்கும். அவர் கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை. ஆனால் நகல் வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும் என்பதும், திறந்து பார்க்காத நகல் நகலே இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

பெரிய நிறுவனங்களுக்கே இது தவறியிருக்கிறது. 1998-ல் பிக்ஸாரில் டாய் ஸ்டோரி 2 தயாரிப்பில் இருந்தபோது, யாரோ கொடுத்த ஒரு அழிப்புக் கட்டளையால் படத்தின் கோப்புகள் கண் முன்னாலேயே மறைந்தன. பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், அது சரியாக வேலை செய்யாமல் இருந்திருக்கிறது. அப்போது கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர், கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்த்துவந்தார். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த நகல்தான் படத்தைக் காப்பாற்றியது. காப்பாற்றியது சக்திவாய்ந்த சர்வர் அல்ல. இன்னொரு வீட்டில் இருந்த இன்னொரு நகல்.

அப்படியானால் ரெய்டே வேண்டாமா என்று கேட்பீர்கள். ஸ்டூடியோ, கிளினிக், ஆடிட்டர் ஆபீஸ் மாதிரி ஒரு மணி நேரம்கூட வேலை நிற்கக் கூடாத இடங்களுக்கு அவசியம் வேண்டும். நம்மைப் போன்றவர்கள் வீட்டில் பேரனின் படம் இரண்டு நாள் கழித்துத் திறந்தால் குடி முழுகிவிடாது. ஆகவே நான்கு டிஸ்க் பெட்டிக்கு ஆகும் செலவில், இரண்டு டிஸ்க் போட்ட சின்னப் பெட்டியும் இரண்டு வெளி டிஸ்க்கும் வாங்குங்கள் என்பேன். பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 கணக்கு இதற்குப் போதும்: மூன்று நகல், இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வேறு இடத்தில். வேறு இடம் என்பது கிளவுடாக இருக்கலாம். மாதச் சந்தா கட்டப் பிடிக்காதவர்களுக்கு மகள் வீட்டு அலமாரி இருக்கிறது. வெளி டிஸ்க்கை நகல் எடுக்கும்போது மட்டும் இணையுங்கள். மற்ற நேரம் கழற்றி வையுங்கள். கழற்றி வைத்த டிஸ்க்கை எந்தத் தீய நிரலாலும் தொட முடியாது.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அப்பா அம்மாவுக்குப் பெட்டி வாங்கிக் கொடுத்தால், அது கத்தினால் என்ன அர்த்தம், யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று ஒரு காகிதத்தில் தமிழில் எழுதிப் பெட்டியின் மேலேயே ஒட்டிவிட்டுப் போங்கள். எச்சரிக்கை மின்னஞ்சல் உங்களுக்கு வரும்படி அமைத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

பெட்டி வைத்திருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். அதில் உள்ளவற்றில் போனால் திரும்பக் கிடைக்காதவை எவை என்று மட்டும் பாருங்கள். சினிமாவும் பாட்டும் மறுபடி கிடைக்கும். போனவர்களின் குரலும், தூக்கிப் போட்ட ஆல்பத்தின் படங்களும் கிடைக்காது. அவற்றை மட்டும் தனியாக ஒரு டிஸ்க்கில் ஏற்றி, அதிலிருந்து நாலு படத்தைத் திறந்து பார்த்துவிட்டு, அடுத்த தடவை மகள் வீட்டுக்குப் போகும்போது பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.